மாரிகுப்பம் வரை போகும் ரயில்

பெங்களூர்த் தெருவில் முதல் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில். மின்சார வெளிச்சம் பார்த்த முதல் இந்திய நகரங்களில் எங்கள் ஊரும் ஒன்று என்று பெங்களூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் ஒரு வரி எப்போதும் விட்டுப்போகும். அந்த மின்சாரம் பெங்களூருக்காகத் தயாரானது இல்லை. மூன்று வருடம் முன்பே, 1902 ஜூன் கடைசியில், சிவசமுத்திரத்தில் காவிரி விழுகிற இடத்தில் ஒரு மின்நிலையம் ஓட ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்தின் மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. அந்தக் கம்பி போய்ச் சேர்ந்த இடம் கோலார் தங்கவயல். பெங்களூருக்குக் கிடைத்தது அதன் பிறகு வந்த பங்கு.

பெங்களூரில் பத்து வருடத்துக்கும் மேலாக மென்பொருள் வேலை பார்க்கிறேன். கூர்க், சிக்மகளூர், ஹம்பி, கோகர்ணா என்று எல்லாரும் போகும் இடங்களுக்கு நானும் போயிருக்கிறேன். நூறு கிலோமீட்டர் தள்ளி, உள்ளூர் ரயில் போகும் தூரத்தில் இருக்கிற தங்கவயலுக்குப் போனதில்லை. போன வருடம் ஒரு சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து வெட்டிக்கதை பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. நாங்கள் நாலு பேர். மைசூர்க்காரன் ஒருவன், சேலத்துக்காரி ஒருத்தி, கேமரா இல்லாமல் கடைக்குக்கூடப் போகாத ஆம்பூர்க்காரன் ஒருவன், அப்புறம் விழுப்புரத்துக்காரனான நான்.

"கேஜிஎஃப் படம் எத்தன வாட்டி பாத்திருப்ப? ஊரப் பாத்திருக்கியா?" என்று ஆரம்பித்தது சேலத்துக்காரி.

"எங்க பாட்டியோட அண்ணன் அங்கதான் இருந்தாராம். சுரங்கத்துல" என்றான் ஆம்பூர்க்காரன். அவனை ஏழு வருடமாகத் தெரியும். இதை அன்றைக்குத்தான் சொன்னான்.

திட்டம் என்று எதுவும் இல்லை. ஹோட்டல் பார்க்கவில்லை, கார் பேசவில்லை. காலையில் எழுந்து ரயில் ஏறினோம்.

*

கிழக்கே போகும் அந்த ரயில் பாதையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கிருஷ்ணராஜபுரம், ஒயிட்ஃபீல்டு, மாலூர், பங்காரப்பேட்டை. நடுவில் வரும் ஒயிட்ஃபீல்டு இன்றைக்குக் கண்ணாடிக் கட்டடங்களின் ஊர். பங்காரப்பேட்டையின் பழைய பெயர் பவுரிங்பேட்டை. அங்கே பிரதான பாதையிலிருந்து தனியாக ஒரு கிளை பிரிகிறது. பதினாறு கிலோமீட்டர்தான். 1894இல் தங்கச் சுரங்கங்களுக்காகவே போட்ட பாதை. அதில் வரும் ஸ்டேஷன் பெயர்களே ஒரு கதை சொல்லும்: கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம். சுரங்கப் பெயர்களும் கிராமப் பெயர்களும் கலந்து கிடக்கின்றன. மாரிகுப்பத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. எந்த ஊருக்கும் போகிற வழியில் இருக்கும் ஊர் இல்லை அது. அங்கே போக வேண்டும் என்று நினைத்தால்தான் போக முடியும்.

போக வேண்டும் என்று முதலில் நினைத்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் ஜான் வாரன். திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த ராணுவ அதிகாரி. 1802இல் இந்தப் பக்கம் மண்ணில் தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, கொண்டுவந்து காட்டுபவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். உரிகம் கிராமத்துக்காரர்கள் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண் முன்னால் கழுவிக் காட்டினார்கள். கடைசியில் துகள் துகளாகத் தங்கம். இதை வாரன் எழுதி வைத்தார். நம் பாடப்புத்தகங்கள் இதை 'கண்டுபிடிப்பு' என்று எழுதும். உரிகத்துக்காரர்களுக்கு அது அன்றாட வேலை.

வாரனுடைய குறிப்பு எழுபது வருடம் கழித்து இன்னொருவர் கைக்கு வந்தது. மைக்கேல் லாவெல், ஓய்வுபெற்று பெங்களூர் கன்டோன்மென்ட்டில் குடியேறிய அயர்லாந்துக்காரச் சிப்பாய். நியூசிலாந்துப் போரில் இருந்தபோது அங்கே தங்கம் தோண்டுவதைப் பார்த்தவர். 1871இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலார் பக்கம் வந்து இடங்களைக் குறித்துக்கொண்டார். பிறகு மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். ஆனால் அவரிடம் பணம் இல்லை. உரிமம் கைமாறிக் கைமாறி, 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. தொடக்கத்தில் பங்குதாரர்களின் பணம் கரைந்ததுதான் மிச்சம். சில வருடம் கழித்துத்தான் பூமிக்குள் நீண்டு ஓடிய சாம்பியன் ரீஃப் என்ற படிகக்கல் நாளம் சிக்கியது. அதற்கு அப்புறம் நிற்கவில்லை. சுமார் 120 வருடத்தில் இந்த ஊரிலிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போனது.

நாளம் ஆழத்துக்குப் போகப் போக எஞ்சின்களுக்கு அதிக சக்தி தேவைப்பட்டது. நீராவி கட்டுப்படியாகவில்லை. அதற்காகத்தான் சிவசமுத்திரம். சுரங்கத்தின் மின்தேவை கூடிக்கொண்டே போனது. கோடையில் காவிரியில் தண்ணீர் குறைந்தால் மின்சாரமும் குறையும். மேலே ஓர் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினால் வருடம் முழுக்க மின்சாரம் தரலாம் என்பது கண்ணம்பாடி அணைக்கு, அதாவது கிருஷ்ணராஜசாகருக்கு, மைசூர் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்த அணையால் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் தகராறு மூண்டு, கடைசியில் 1924 ஒப்பந்தம் வந்தது. மிச்சக் கதை நமக்குத் தெரியும்.

ரயிலில் நான் இதைச் சொன்னதும் மைசூர்க்காரன் சிரித்தான். "அப்போ நம்ம சண்டைக்குக் காரணம் லண்டன்காரன் தங்கமா? இத ஏன்டா எனக்கு ஸ்கூல்ல சொல்லித் தரல?"

"எனக்கும் சொல்லித் தரல" என்றாள் சேலத்துக்காரி. "ரெண்டு பேரும் பாஸ் ஆயிட்டோம்."

*

மாரிகுப்பத்தில் இறங்கி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் காதில் விழுந்தது தமிழ். கர்நாடகத்தில் இருக்கிறோம், பெயர்ப்பலகைகள் கன்னடத்தில் இருக்கின்றன, ஆந்திர எல்லை பக்கத்தில்தான். ஆனாலும் தெருப் பேச்சு தமிழ். அதிலும் வடாற்காட்டுத் தமிழ். ஆம்பூர்க்காரன் ஒரு பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனவன், பத்து நிமிடம் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தான். "எங்க தெருவுல பேசுற மாதிரியே இருக்குடா" என்றான்.

இருக்கத்தான் செய்யும். தங்கவயலுக்குக் குடிதண்ணீர் வந்தது பேத்தமங்கலம் ஏரியிலிருந்து. அந்த ஏரியை நிரப்புவது பாலாறு. அதே பாலாறுதான் கீழே இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று போகிறது. தண்ணீர் கீழே வந்தது, ஆட்கள் மேலே போனார்கள். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் வட மாவட்டங்களை நொறுக்கிப் போட்டிருந்தது. நிலம் இல்லாதவர்கள், பண்ணைக்கு அடிமையாக உழைத்தவர்கள், சேரிகளில் அடைபட்டவர்கள் வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் இங்கே வந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பறையர்கள் அதிகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வேலை செய்தவர்கள் எண்ணிக்கை முப்பதாயிரத்தை ஒட்டி இருந்தது.

வேலைக்குப் போன இடத்திலும் ஏணிப்படி இருந்தது. மேலே ஆங்கிலேய அதிகாரிகள். அதற்குக் கீழே இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த சுரங்கத் தொழிலாளிகள். காவலுக்குப் பஞ்சாபிகள். ஆழத்தில் பாறை உடைக்கத் தமிழர்கள். அதிகாரிகளுக்குப் பங்களாவும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும். தொழிலாளிகளுக்கு மூங்கில் தட்டி வைத்த லைன் வீடுகள். வரிசையாகக் கட்டியதால் லைன். இன்றும் அந்தக் குடியிருப்புகளை லைன் என்றுதான் சொல்கிறார்கள்.

1897இல் மைசூர் அரசு சுரங்கங்களுக்கென்று தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. தங்கம் கலந்த பொருள் ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் விளக்க முடியாமல் போனால் அதுவே குற்றம். அப்புறம் 1930இல் தொழிலாளிகளைக் கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தது. கைரேகை எடுப்பது அப்போது குற்றவாளிகளுக்கு. 'நாங்கள் என்ன திருடர்களா?' என்று கேட்டு, சுரங்கங்களில் வேலையே நின்றுபோனது.

நான் தினமும் அலுவலகத்தில் விரலை வைத்துத்தான் உள்ளே போகிறேன். எங்கள் கட்டடத்தில் இருக்கிற ஆயிரம் பேரில் ஒருவருக்கும் அது அவமானமாகப் படுவதில்லை. வசதி என்றே நினைக்கிறோம். 1930இல் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளிக்கு அது அவமானமாகப் பட்டது, அதற்காகக் கூலியையும் விட்டுக்கொடுத்தார் என்பதை யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

*

சாம்பியன் ரீஃப் பக்கம் நடந்தோம். சுரங்கக் கூண்டை மேலும் கீழும் இழுத்த இரும்புக் கோபுரங்கள் மதில்களுக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கின்றன. உள்ளே விடுவதில்லை. கேமராக்காரன் வெளியிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தான். எதிரே ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் பாத்துட்டு வந்தீங்களா தம்பி?"

"ஆமாங்க ஐயா" என்றேன்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க. அந்தப் படத்துல காட்டுற மாரி துப்பாக்கி வெச்சி யாரும் எங்கள அடைக்கல. சம்பளம் வாங்கித்தான் எறங்குனோம். ஆனா எறங்குனது எறங்குனதுதான்."

கடைசி வரை வேலை பார்த்தவர். இருபது வருடத்துக்கும் மேல். கூண்டில் நின்று கீழே போகும்போது காது அடைக்கும் என்றார். ஒரே கூண்டில் அடி வரைக்கும் போக முடியாது, ஒன்றில் இறங்கி நடந்து இன்னொன்றில் ஏற வேண்டும் என்றார். "கீழ சட்ட போட முடியாது. கல்லத் தொட்டா சுடும்."

அது மிகைப்படுத்தல் இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. ஒரு காலத்தில் உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பித்தான் மனிதர்களை வேலை செய்ய வைத்தார்கள். ஆழத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. தோண்டி எடுத்த வெற்றிடத்தின் மேல் இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்துப் பாறையின் எடை அழுத்தும். தாங்க முடியாத ஒரு கணத்தில் பக்கத்துப் பாறை குண்டு மாதிரி வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே வீட்டில் பாத்திரங்கள் அதிரும். அப்போது எந்த ஷிஃப்டில் யார் இருக்கிறார்கள் என்று பெண்கள் கணக்குப் போடுவார்களாம். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. வெடிக்கும் பாறையைப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை.

பாறை வெடித்த அதே ஆழம்தான் இயற்பியலாளர்களுக்கு உலகத்தின் மிக அமைதியான இடமாகவும் இருந்தது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் மேல் ஓயாமல் மழை மாதிரி பெய்துகொண்டே இருக்கின்றன. அந்தச் சத்தத்தில் நியூட்ரினோ போன்ற மெல்லிய குரல் கேட்காது. மேலே இரண்டு கிலோமீட்டர் பாறையைக் குடை மாதிரி பிடித்தால் மற்றவை வடிகட்டப்பட்டுவிடும். நியூட்ரினோ மட்டும் எதையும் சட்டை பண்ணாமல் வந்துவிடும். டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீகண்டன் 1951லேயே இங்கே கீழே இறங்கி அளக்க ஆரம்பித்துவிட்டார். 1965இல் அந்த நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தன. அதே வருடம், அதே ஆகஸ்டில், தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில் வேலை செய்த இன்னொரு குழுவும் அதையே அறிவித்தது. உலகத்தில் முதன்முறையாக அது நடந்த இரண்டு இடங்களுமே தங்கத்துக்காகத் தோண்டிய குழிகள்.

1980களில் 140 டன் இரும்பை அடுக்கி, புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கும் சோதனையும் இங்கே நடந்தது. சில தடயங்கள் கிடைத்ததாகச் சொன்னார்கள். பெரிய கருவிகள் வைத்திருந்த ஜப்பானிய, அமெரிக்கக் குழுக்களால் அதை உறுதி செய்ய முடியவில்லை. சுரங்கம் நொடிக்க ஆரம்பித்ததும் ஆய்வும் நின்றுபோனது. பிற்பாடு தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் என்று நாம் வருடக்கணக்கில் சண்டை போட்டோமே, அந்தத் திட்டத்தின் பூர்விகம் இங்கேதான் இருக்கிறது.

பெரியவரிடம் கேட்டேன், "சயின்டிஸ்டுங்க வருவாங்களாமே, பாத்திருக்கீங்களா?"

"வருவாங்க. எங்ககூடத்தான் கூண்டுல எறங்குவாங்க. நல்ல மனுசங்க. என்ன தேடுறாங்கன்னு கேட்டா, கண்ணுக்குத் தெரியாததுன்னுவாங்க." டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நாங்க தேடுனதும் அப்டித்தான தம்பி? ஒரு டன்னு கல்ல ஒடச்சாலும் தங்கம் கண்ணுக்குத் தெரியாது."

தன் மகன் பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்ப்பதாகவும் விடியறதுக்கு முன்னால் ரயிலைப் பிடிப்பான் என்றும் சொன்னார். எந்த இடம் என்று சேலத்துக்காரி கேட்டாள். ஒயிட்ஃபீல்டு என்றார். கம்பெனிப் பெயரும் சொன்னார். நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

*

சாயங்காலத்துக்குள் ஆண்டர்சன்பேட்டைக்குப் போய்விட வேண்டும் என்பது என் ஆசை. அங்கே பார்க்க எதுவும் இல்லை, சுற்றுலாக்காரர் கணக்கில். கடைத்தெரு, ஆட்டோ ஸ்டாண்டு, பிரியாணிக் கடை. கேமராக்காரன் சலித்துக்கொண்டான். "இங்க எதுக்குடா வந்தோம்?"

எதுக்கு என்று அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1907இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அப்புறம் அதன் பெயர் 'தமிழன்'. அது நிலைத்ததற்குத் தங்கவயல் தொழிலாளிகளின் சந்தாவும் நன்கொடையும் பெரிய ஆதரவு. அவருடைய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. 1914இல் பண்டிதர் இறந்த பிறகு பத்திரிகை தட்டுத் தடுமாறியது. 1926இல் அதைத் திரும்பவும் கொண்டுவந்தது தங்கவயல். ஜி. அப்பாதுரையார் ஆசிரியர். இந்த ஊரின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவந்து, நம் தலைமுறை அவரை வாசிக்கத் தொடங்குவதற்கு எழுபது வருடம் முன்பே, பூமிக்கடியில் பாறை உடைத்தவர்கள் காசு போட்டு அவரை அச்சில் வைத்திருந்தார்கள்.

இதை ஒரு நிமிடம் நிதானமாக யோசிக்க வேண்டும். கிராமத்தில் இவர்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாது. கோயிலுக்குள் போக முடியாது. பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார முடியாது. இங்கே கம்பெனியும் இவர்களுக்கு மரியாதை ஒன்றும் தரவில்லை. ஆனால் மாதம் பிறந்தால் கையில் கூலி வந்தது. பண்ணையார் பக்கத்தில் இல்லை. அந்தச் சின்ன இடைவெளியில் அவர்கள் கட்டியது சங்கம், படிப்பகம், பள்ளி, அச்சகம். பெரும்பாலோருக்கு எழுத்தே தெரியாத காலத்தில் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

அதே கூட்டம்தான் தொழிற்சங்கமும் கட்டியது. 1946 நவம்பரில் வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளிகள் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவுநாளை இன்றும் இந்த ஊர் கடைப்பிடிக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தத் தொகுதியிலிருந்து கம்யூனிஸ்டுகள் சட்டசபைக்குப் போனார்கள், இந்தியக் குடியரசுக் கட்சி போனது, அதிமுக போனது. கர்நாடகச் சட்டசபையில் இரட்டை இலை என்றால் மைசூர்க்காரனால் நம்பவே முடியவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டான்.

கம்பெனி கட்டியதையும் தொழிலாளி கட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மின்பாதை, ரயில், கோபுரம், கிளப் எல்லாம் தங்கத்தை வெளியே கொண்டுபோக வந்தவை. தங்கம் தீர்ந்ததும் அவற்றில் பாதிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வாசிக்கவும் கூடவும் கேள்வி கேட்கவும் பழகியது அப்படி இல்லை, அதற்குத் தங்கம் தேவைப்படவில்லை. எங்களை மாதிரி ஒரு நாள் வந்துபோகிறவர்கள் படம் எடுப்பது முதல் வகையை. இரண்டாவது வகை கேமராவில் விழாது.

*

சுரங்கம் மூடியதற்குப் பின்னால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஆரம்ப நாட்களில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேலும் தங்கம் கிடைத்தது. கடைசியில் அது ஐந்து கிராமுக்கும் கீழே. இறங்க வேண்டிய ஆழமோ மூன்று கிலோமீட்டர். 1956இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய அரசு, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது. அப்போது மிச்சம் இருந்த தொழிலாளிகள் சுமார் 3,500 பேர். தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. நூறு வருடம் தோண்டிய பாதைகளில் தண்ணீர் ஏறியது. நியூட்ரினோ பிடித்த குகையும் அதற்குள்தான் எங்கோ இருக்கிறது.

வெளியே மிஞ்சியவை சயனைடு மலைகள். ஊருக்குள் எங்கே நின்றாலும் கண்ணில் படுகின்றன. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்துவிட்டுக் கொட்டிய மண். புல்கூடச் சரியாக முளைக்காது. காற்று அடித்தால் வெள்ளையாகத் தூசி கிளம்பி லைன் வீடுகளுக்குள் போகும். சினிமாக்காரர்களுக்கு அது நல்ல பின்னணி. எங்கள் கேமராக்காரன் அங்கே மட்டும் படம் எடுக்கவில்லை. பாட்டியின் அண்ணன் எந்த லைனில் இருந்தார் என்று அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாவுக்கும் தெரியவில்லை. "நெஞ்சு வலியில செத்தாருன்னு பாட்டி சொல்லுவா, இருமிக்கிட்டே இருப்பாராம்" என்று மட்டும் சொன்னாராம். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து கல்லாகும் நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். அவருக்கு அதுதானா என்று இனி யார் சொல்ல முடியும்?

இந்த மலைகளுக்கு இப்போது திரும்பவும் விலை வந்திருக்கிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, தங்கவயலின் 13 மண்மேடுகளை ஏலத்துக்கு விடும் மத்திய அரசின் யோசனைக்கு ஒப்புதல் தந்தது. மொத்தம் 3.3 கோடி டன் மண். அதில் 23 டன் தங்கம் இருக்கலாம் என்பது மதிப்பீடு. வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு ஒரு கிராம்கூட இல்லை. ஆனாலும் இன்றைய தங்கம் விலைக்கு அது லாபம். அன்றைக்குக் குப்பை என்று கொட்டியது இன்றைக்குச் சொத்து. மண்ணைப் பற்றி இவ்வளவு துல்லியமாக ஒரு கணக்கு இருக்கிறது. அந்த மண்ணின் தூசியை மூச்சில் இழுத்தவர்களைப் பற்றியும் இதே துல்லியத்தில் ஒரு கணக்கு இருக்க வேண்டும் இல்லையா? ஏலம் நடக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் நாமும் கேட்கலாம். நம் ஊர் வெளிச்சத்துக்கு முதல் கம்பி இழுக்கப்பட்டது அவர்கள் வேலை செய்த சுரங்கத்தின் பெயரில்தான்.

தங்கவயலுக்கு ஒரு நாள் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். முந்தின ராத்திரியே போய்த் தங்கி, வேலைநாளில் விடிவதற்கு முன்னால் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வாருங்கள். ஒரு காலத்தில் இந்தப் பாதையில் தங்கம் வெளியே போனது. இப்போது தினமும் ஆயிரக்கணக்கில் மனிதர்கள் போகிறார்கள். செக்யூரிட்டிகள், கட்டட வேலைக்காரர்கள், கடைச் சிப்பந்திகள், நர்சுகள், என்னைப் போல மடிக்கணினி மாட்டியவர்களும் சிலர். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அதே ரயிலில் திரும்பி வருவார்கள். ஏறி உட்கார்ந்தால், இடம் பிடிப்பதற்காக யாராவது ஒரு துண்டைப் போட்டுவிட்டு உங்களிடம் பேச்சுக் கொடுப்பார்கள். எந்த லைன் என்று கேளுங்கள். அதிலிருந்து ஆரம்பித்தால் பங்காரப்பேட்டை வருவதற்குள் ஒரு நூற்றாண்டு கிடைத்துவிடும்.